பட்டறை ஏசிக்கு நானே வயர் இழுத்த அனுபவம்

கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறைக்காரர் ஒருவர் ஏசி வாங்கப் போகிறேன் என்றால் முதலில் சிரிப்புதான் வரும். தகரக் கூரை, எண்ணெய்ப் பிசுக்கு, மூலையில் வெல்டிங் செட். இதில் ஏசியை எங்கே மாட்டுவது? எனக்கு வேண்டியிருந்தது இன்ஸ்பெக்‌ஷன் கேபினுக்கு மட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. உள்ளே ஒரு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட், ஹைட் கேஜ், மைக்ரோமீட்டர்கள், ஒரு கம்ப்யூட்டர்.

காரணம் வெயில்தான், ஆனால் வியர்வை இல்லை. நீள அளவுகளை எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் இருப்பதாக வைத்துப் பேசுவதுதான் உலக வழக்கம். சித்திரையில் எங்கள் கேபினுக்குள் 38 டிகிரி இருக்கும். எஃகு பாகத்தை எஃகுக் கருவியால் அளந்தால் இரண்டும் சேர்ந்தே விரியும், பெரிய வித்தியாசம் தெரியாது. அலுமினியம் வந்தால்தான் வம்பு. ஒரு மீட்டர் எஃகு டிகிரிக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) விரிகிறது. அலுமினியம் 23 மைக்ரான். 100 மி.மீ. அலுமினிய பாகத்தை அந்தச் சூட்டில் அளந்தால் 20 மைக்ரானுக்குக் குறையாமல் பெரிதாகக் காட்டும். நாம் சரியாக இருக்கிறது என்று அனுப்புவோம். கஸ்டமர் தன் குளிர்ந்த அறையில் அளந்துவிட்டு ‘அண்டர்சைஸ்’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார். டாலரன்ஸே, அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசமே, 25 மைக்ரான் இருக்கும் வேலையில் இதை எத்தனை காலம் தாங்குவது?

சரி என்று ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி வாங்கினோம். அறை அளவுக்கு ஒரு டன்னே போதும் என்றார்கள். கூரைச் சூடு, கண்ணாடித் தடுப்பு, நாளெல்லாம் திறந்து மூடும் கதவு எல்லாம் சேர்ந்ததால் நான் ஒன்றரைக்குப் போனேன். மாட்ட வந்த பையன் இரண்டு யூனிட்டையும் அழகாகப் பொருத்தினான், காப்பர் பைப் வேலையும் சுத்தம். கரண்ட் விஷயம் வந்ததும் கேபின் சுவரில் இருந்த பிளக்கைக் காட்டி, “இதுலயே சொருகிக்கலாம் சார்” என்றான். அந்த பிளக்குக்கு வருவது லைட் சர்க்யூட்டிலிருந்து பிரித்த ஒன்றரை ஸ்கொயர் (குறுக்குவெட்டு ஒன்றரை சதுர மி.மீ.) வயர். டேபிள் ஃபேனும் கம்ப்யூட்டரும் ஓடும் வயர் அது. கரண்ட் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவனை அனுப்பி வைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாதிரி சாமான்களை இருந்த இடத்திலேயே அதே மாதிரி மாற்றுவது வேறு, புது சர்க்யூட் போடுவது வேறு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, புது சர்க்யூட்டை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் போட வேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே ஒரு லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரிடம் பேசி, அவரிடம் வேலை பார்க்கும் சீனியர் வயர்மேன் அண்ணனைக் கூட்டிக்கொண்டேன். பைப் அடிப்பது, பாக்ஸ் பொருத்துவது, வயர் இழுப்பது எல்லாம் என் கை. போர்டுக்குள் இணைப்பதும் டெஸ்ட் செய்து கையெழுத்துப் போடுவதும் அவர்கள். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. மைக்ரான் கணக்கு வரும் என்பதற்காக 400 வோல்ட் போர்டுக்குள் கையை விடும் தைரியம் எனக்கு இல்லை, வேண்டவும் வேண்டாம்.

வயரை வாங்கும் முன் பில்லைப் பார்த்தேன். ஈபி பில்லிலேயே அனுமதிக்கப்பட்ட லோடு போட்டிருக்கும். ஏற்கெனவே இருக்கும் மோட்டார்களோடு ஏசியின் ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிலோவாட்டைக் கூட்டி அதற்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடங்கவில்லை என்றால் முதலில் லோடு ஏற்றித்தரச் சொல்லி எழுதிக்கொடுப்பதுதான் வழி. எங்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரர், “வீட்டு லைன்ல இருந்து ஒரு வயர் இழுத்துருங்க, யூனிட் ரேட்டு கம்மி” என்று ஐடியா கொடுத்தார். வீட்டுக்கு வாங்கிய மின்சாரத்தைத் தொழிலுக்கு ஓட்டினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் மாட்டிக்கொள்வோம், கட்டணம் இரண்டு மடங்காகக் கணக்காகும். அது போக, ஒரே கட்டடத்தில் இரண்டு மீட்டரின் வயர்கள் கலந்து கிடப்பது பின்னால் ரிப்பேர் பார்க்க வருகிறவன் உயிருக்கு உலை. மெயினை ஆஃப் செய்துவிட்டோம் என்று நம்பி அவன் கையை வைப்பான்.

அடுத்தது எந்த பேஸ் என்ற கேள்வி. இதை யாரும் யோசிப்பதே இல்லை. எங்களுக்கு வருவது த்ரீ பேஸ், அதாவது ஆர், ஒய், பி என்று கரண்ட் வரும் மூன்று லைன். ஏசிக்கு வேண்டியது அதில் ஒன்று. எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) ஸ்லாட் காலியாக இருப்பது எதுவோ அதில் மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். வயர்மேன் அண்ணன் வந்ததும் முதலில் கேட்டது, “தம்பி, வெல்டிங் செட்டு எந்த ரெண்டு பேஸ்ல ஓடுதுங்க?” பழைய டைப் வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலும் இரண்டு பேஸுக்கு நடுவே மாட்டுவது. எங்களுடையது ஆர், பி இரண்டிலும் நின்றது. மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பையனை ராடு பற்ற வைக்கச் சொன்னார். ஆர் பேஸ் 226-லிருந்து 205-க்குச் சரிந்தது, ராடு எடுத்ததும் ஏறியது, மறுபடி சரிந்தது. ஒய் பேஸ் அசையவே இல்லை. “இதுல மாட்டுனீங்கன்னா ராடு வெக்கறப்பெல்லாம் ஏசி ஒப்பாரி வெக்குமுங்க” என்றார். ஏசி ஒய் பேஸுக்குப் போனது. ஒய்யில் இருந்த லைட் சர்க்யூட் ஒன்றை ஆருக்கு மாற்றி, மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியர் ஓரளவு சமமாக வருகிறதா என்றும் பார்த்தார்.

அந்த மீட்டர் கையில் இருக்கும்போதே இன்னொன்று பிடிபட்டது. எல்லா மெஷினும் ஓடுகையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 14 வோல்ட். ஒன்றிரண்டு வோல்ட் இருந்தால் கவலையில்லை, 14 என்றால் எங்கேயோ லூஸ். மெயின் சுவிட்சைத் திறந்து பார்த்தால் நியூட்ரல் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) கறுத்துப்போய், ஸ்குரு விரலால் திருகினாலே திரும்பியது. த்ரீ பேஸில் நியூட்ரல் விட்டுப்போவதைவிட மோசமானது எதுவும் இல்லை. பேஸ் ஒன்று விட்டால் த்ரீ பேஸ் மோட்டார் திணறிச் சூடாகும், பாதுகாப்பு ரிலே இருந்தால் அது நிறுத்திவிடும். நியூட்ரல் விட்டால் சிங்கிள் பேஸ் சாமான்கள் எல்லாம் இரண்டு பேஸுக்கு நடுவே வரிசையாகத் தொங்க ஆரம்பிக்கும். லோடு குறைவாக இருக்கும் பேஸில் 300 வோல்ட்டைத் தாண்டி ஏறிவிடும். இன்வெர்ட்டர் ஏசியின் எலக்ட்ரானிக் போர்டான பிசிபிக்கு அது போதும், ஒரு நொடியில் கரி. புது லக் அடித்து முறுக்கினார், 14 என்பது ஒன்றரைக்கு இறங்கியது. பழைய போர்டில் ஏசி போடும் யாரும் முதலில் நியூட்ரலைப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு ஏசி லைனில் ஓவர் வோல்டேஜ் வந்தால் கட் செய்யும் ரிலே ஒன்றும் போட்டோம். பெட்டியில் ‘ஸ்டெபிலைசர் வேண்டாம்’ என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு அது சரி. தெரு நியூட்ரல் காற்றில் அறுந்தால் அந்த வாசகம் காப்பாற்றாது.

வயர் சைஸில்தான் எனக்கும் கடைக்காரருக்கும் வாக்குவாதம். “ஒன்றரை டன்னுக்கு ரெண்டரை ஸ்கொயர் தாராளம்” என்றார். அவர் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. எங்கள் ஏசியில் ஒட்டியிருக்கும் விவரப் பட்டையில் அதிகபட்ச கரண்ட் 10.5 ஆம்பியர். போர்டிலிருந்து கேபின் 28 மீட்டர். போய்வரும் தூரம் 56. இரண்டரை ஸ்கொயரில் வோல்டேஜ் இழப்பு ஏறக்குறைய ஐந்து வோல்ட்தான், நாலு ஸ்கொயரில் மூன்று. அதற்காகக் காசைக் கூட்டிப் போட வேண்டியதில்லை. பிரச்சினை கூரை. பிவிசி வயருக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆம்பியர் கணக்கு சர்வதேச அட்டவணையில் 30 டிகிரி சூழலுக்கு. சுவரில் பைப்புக்குள் போகும் இரண்டரை ஸ்கொயர் காப்பருக்கு 24 ஆம்பியர், நாலுக்கு 32. சூழல் 50 டிகிரி ஆனால் இதை 0.71-ஆல் பெருக்க வேண்டும். இரண்டரை 17-க்கு வந்துவிடும், நாலு 22-க்குக் கொஞ்சம் மேல் நிற்கும். மதியம் இரண்டு மணிக்குத் தகரத்துக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 51 காட்டியது. நான் போட நினைத்தது 20 ஆம்பியர் எம்சிபி. எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்ற. 17 தாங்கும் வயருக்கு 20-ல் காவல் வைத்தால் அது காவலே இல்லை. நாலு ஸ்கொயர் வாங்கினேன், ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக. பைப்பையும் கூரையை ஒட்டிக் கொண்டுபோகாமல் லின்டல் மட்டத்தில் சுவரோடு இறக்கினேன். நீளம் கொஞ்சம் கூடியது, சூடு வெகுவாகக் குறைந்தது.

எம்சிபியில் சி கர்வ் கேட்டு வாங்க வேண்டும். பி கர்வ் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு கரண்டிலேயே உடனே விழுந்துவிடும். சி ஐந்திலிருந்து பத்து மடங்கு வரை பொறுக்கும். மோட்டார் உள்ள சாமானுக்கு அதுதான் தோது. கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபியைப் பொறுத்தவரை, பட்டறை முழுவதற்கும் ஒன்று போட்டு அதிலேயே ஏசியையும் சேர்த்தால் நிம்மதி போய்விடும். சிஎன்சியின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) டிரைவும் இன்வெர்ட்டர் ஏசியும் சாதாரணமாகவே கொஞ்சம் எர்த்துக்குக் கசியும். இரண்டும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியரை நெருங்கினால் காரணமே தெரியாமல் ட்ரிப் ஆகும். கடுப்பில் யாராவது ஆர்சிசிபியையே பைபாஸ் செய்துவிடுவார்கள். நிறைய பட்டறைகளில் நடப்பது இதுதான். ஏசிக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர், அதுவும் ‘ஏ’ டைப் போட்டோம். சாதாரண ‘ஏசி’ டைப் நேர்த்தியான மாறுமின் கசிவை மட்டும்தான் ஒழுங்காகப் பிடிக்கும். எலக்ட்ரானிக்ஸ் உள்ள சாமான்களில் வரும் வெட்டுப்பட்ட அலைக்கு ‘ஏ’ டைப் வேண்டும். கடையில் ‘ஏ’ டைப் என்று அழுத்திச் சொல்லாவிட்டால் மற்றதைத்தான் எடுத்துத் தருவார்கள். பெயர் வேறு குழப்பும், ஏசிக்கு ஏசி டைப்தானே என்று.

கை வைக்கும் முன் மெயின் ஆஃப். எங்கள் இடத்தில் அதற்குப் பிறகும் ஒரு வயரில் உயிர் இருந்தது. கேபின் கம்ப்யூட்டருக்கும் சிஎன்சி கன்ட்ரோலுக்கும் ஒரு யுபிஎஸ் இருக்கிறது, ஈபி போனாலும் அது ஊட்டிக்கொண்டே இருக்கும். யுபிஎஸ், ஜெனரேட்டர், கூரை சோலார், பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் எதுவானாலும் தனித்தனியாக அணைத்து, பிறகு சோதிக்க வேண்டும். அண்ணன் டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் என்று தெரிந்த இடத்தில் வைத்துப் பார்ப்பார், அப்புறம் வேலை செய்யும் இடத்தில், அப்புறம் மறுபடி உயிருள்ள இடத்தில். டெஸ்டர் நடுவில் செத்துப்போயிருந்தால் கடைசியில் தெரிந்துவிடும். மெயின் ஹேண்டிலில் பூட்டு, சாவி அவர் பையில். இதையெல்லாம் பார்த்துவிட்டு எங்கள் பையன்கள் லேத் பெல்ட் மாற்றும்போதும் அதே பூட்டைக் கேட்க ஆரம்பித்தார்கள், நல்லதுதான்.

பைப் வேலை சுகமான வேலை. நூல் அடித்து நேர்கோடு போட்டு, இரண்டு அடிக்கு ஒரு சேடில். 25 மி.மீ. பைப், மீடியம் கேஜ். மெல்லிய பைப் லேத் பட்டறையில் ஆகாது, யாராவது ராடு தூக்கிப்போகும்போது ஒரு இடி இடித்தால் உடைந்துவிடும். இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்துவிட்டேன். ஏர் லைனுக்கும் சிஎன்சி டிரைவ் கேபிளுக்கும் ஒட்டாமல் ஒரு அடி தள்ளியே போனது. வயர் நிறம் பேஸைச் சொல்ல வேண்டும்: ஒய் பேஸுக்கு மஞ்சள், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. வீட்டில் மிச்சம் கிடந்தது என்று சிவப்பை நியூட்ரலுக்குப் போடும் சிக்கனம் வேண்டாம். மூன்று வயரையும் ஸ்பிரிங்கில் சேர்த்துக் கட்டி, ஒருத்தர் இந்தப் பக்கம் தள்ள, ஒருத்தர் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டாவது பெண்டில் சிக்கியபோது அண்ணன் பையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்து வயர் மேல் தாராளமாகத் தட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. அன்றைக்குப் பட்டறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

நிஜமான ஆபத்து வயரின் நடுவில் இல்லை, நுனியில். நாலு ஸ்கொயர் வயருக்குள் 0.3 மி.மீ. தடிமனில் 56 இழைகள் இருக்கும். சாக்கெட்டின் ஓட்டைக்குள் போகவில்லை என்று அதில் பத்துப் பன்னிரண்டு இழைகளை வெட்டிவிட்டுச் சொருகுவதை நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அந்த ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நீங்கள் வாங்கியது மூன்று ஸ்கொயர் வயர்தான். இன்னொரு வழக்கம், இழையை முறுக்கி மடித்து நேராக ஸ்குருவுக்கு அடியில் வைப்பது. ஸ்குரு முனை இழைகளை அறுக்கும், ஏசி ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் சூடாகி ஆறி, கொஞ்சம் கொஞ்சமாக லூஸ் ஆகும். லூஸான இடத்தில் சூடு, சூட்டால் இன்னும் லூஸ். அண்ணன் உறையை அளவாக உரித்து, எல்லா இழையும் உள்ளே போகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பின் லக்கைப் போட்டு கிரிம்பிங் டூலால் ஒரே அழுத்து. அப்புறம் வயரைப் பிடித்துச் சுண்டி இழுத்துப் பார்த்தார். நியூட்ரல் லிங்கில் ஒரு ஸ்குருவுக்கு ஒரு வயர், இரண்டு கிடையாது. ஏசி பாக்ஸ் 20 ஆம்பியர் மெட்டல் பிளக் டைப். சுவர் சுவிட்ச் போர்டில் இருக்கும் பவர் பிளக்கில் ஏசியைச் சொருகினால் மே மாதம் முடிவதற்குள் பின் பழுப்பேறிவிடும்.

அவுட்டோர் யூனிட்டை கிரைண்டிங் மெஷின் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே வைக்கத்தான் வசதியாக இருந்தது. வேண்டாம் என்று மறுபக்கம் கொண்டுபோனோம். கிரைண்டிங் தூளும் எண்ணெய்ப் புகையும் ஃபின்னில் ஒட்டினால் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும், கரண்டும் கூடும். கேபிள் யூனிட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும், மழைத்தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், டெர்மினலுக்குப் போகாது. வெளியில் போகும் பைப்பின் வாய் மேல்நோக்கி இருக்கவே கூடாது. பக்கத்திலேயே ஒரு ஐசொலேட்டர் வைத்தோம், சர்வீஸ் பார்க்கிறவன் கண்ணெதிரே ஆஃப் ஆகியிருப்பது தெரிவதற்கு. பல்லியும் எறும்பும் புகாமல் ஓட்டையை அடைப்பது சின்ன வேலை, மறந்தால் பெரிய செலவு.

எர்த் பற்றிப் பேசினாலே எல்லோரும் “இருக்குதுங்க” என்பார்கள். எங்கள் பழைய குழியும் இருந்தது, எர்த்தின் தடையை அளக்கும் எர்த் மெகர் வைத்தபோது 11 ஓம் காட்டியது. வறண்டு கிடந்தது. புதிதாக ஒரு குழி எடுத்து, 40 மி.மீ. ஜிஐ பைப் இரண்டரை மீட்டர் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டையும் சேர்த்ததும் மூன்றுக்குக் கீழே வந்தது. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது வாட்ச்மேனின் வேலைப் பட்டியலில் இருக்கிறது, செடிக்கு அடுத்த வரியில்.

கரண்ட் கொடுக்கும் முன் மெகர் டெஸ்ட், அதாவது வயர் உறை வழியாகக் கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பது. ஏசியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், 500 வோல்ட் டிசி பிசிபிக்குள் போனால் புது ஏசி காலி. பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் பார்த்தோம். குறைந்தது ஒரு மெகா ஓம் இருக்க வேண்டும் என்பது விதி. புது வயருக்கு நூற்றுக்கணக்கில் காட்டும். ஒன்று, இரண்டு என்று காட்டினால் விதிப்படி பாஸ்தான், ஆனாலும் எங்கேயோ உறை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பார்த்து, ஏசியை 18-ல் வைத்து அரை மணி நேரம் முழு மூச்சில் ஓடவிட்டோம். கிளாம்ப் மீட்டரில் ஏழரை ஆம்பியர். பிளக், எம்சிபி, ஐசொலேட்டர் மூன்றின் மூடியிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். எதுவும் சுடவில்லை.

ஒரு மாதம் ஓடிய பிறகு பவரை அணைத்து எல்லா ஸ்குருவையும் மறுபடி முறுக்கச் சொல்லியிருந்தார். வந்து முறுக்கியபோது எம்சிபியின் நியூட்ரல் பக்கம் கால் திருகு உள்ளே போனது, மற்றவை அசையவில்லை. எந்த எம்சிபி எந்த பேஸ், பைப் எந்தச் சுவரில் எந்த உயரத்தில் போகிறது என்று ஒரு படம் வரைந்து போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். கேபின் இப்போது 22-க்கும் 23-க்கும் நடுவில் நிற்கிறது. 20-க்கு இறக்கினால் மைக்ரோமீட்டர் பிடிக்கும் பையன் ஸ்வெட்டர் கேட்கிறான். மெஷினிலிருந்து வந்த பாகத்தை இரண்டு மணி நேரம் உள்ளே ஆறவிட்டு அளப்பதால் அந்த இரண்டு மூன்று டிகிரியைக் கணக்கில் கழித்துக்கொள்ள முடிகிறது. அதே சுவரில் காலியாக இன்னொரு 25 மி.மீ. பைப்பையும் அன்றைக்கே அடித்து, உள்ளே ஒரு கம்பியை விட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து அறையில் டூல் ரூம் வரப்போகிறது, அங்கேயும் ஏசி கேட்பார்கள்.